கையில் ஒரு பொருள், பக்கத்தில் ஒரு ஆள்

(உலகப் புகைப்பட நாளை ஒட்டி நம் சங்கக் கூட்ட அறையில் நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியதைச் சற்றே சீர்செய்து தந்திருக்கிறோம்.)



தண்ணீர் மோட்டார், கார் நிறுத்தம், பராமரிப்புத் தொகை ஆகிய மூன்றும் இன்றைய கூட்டத்தில் வராது என்று செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் உறுதி கொடுத்ததால்தான் நாற்காலி போதாத அளவுக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த உறுதியை நானும் காப்பாற்றுகிறேன்.

ஆகஸ்ட் 19-ஐ உலகப் புகைப்பட நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1839-ல் அந்தத் தேதியில்தான், டாகேர் என்பவர் கண்டுபிடித்த படமெடுக்கும் முறையைப் பாரிசில் எல்லாருக்கும் தெரிய விளக்கிச் சொன்னார்கள். போனில் நல்ல படம் எடுப்பது எப்படி என்று நான் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். அதை உங்கள் பேரப்பிள்ளைகளே என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் பேச வந்தது ஒரு தனி வகைப் படத்தைப் பற்றி. நடித்து எடுக்கும் படம்.

தெருவில் நடப்பதைப் போகிறபோக்கில் பிடிப்பது ஒரு வகை. கேமராவுக்காகவே ஒரு காட்சியை ஏற்பாடு செய்து, அதில் ஒருவரோ இருவரோ நின்று, பெரும்பாலும் வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு உறவை நடித்துக் காட்டுவது இன்னொரு வகை. கலைக்கூடங்களில் இதற்கு 'பெர்ஃபார்மன்ஸ் போட்டோகிராஃபி' என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் அப்பாயியும் தாத்தாவும் செய்ததுதான். ஸ்டூடியோவுக்குப் போய் அவர்கள் நின்ற நிற்பை நினைத்துப் பாருங்கள்.

தஞ்சாவூரோ கும்பகோணமோ மன்னார்குடியோ, எந்த ஊர் ஸ்டூடியோவாக இருந்தாலும் உள்ளே ஒரு சின்ன நாடக மேடை இருந்தது. பின்னால் வரைந்த திரை. அதில் மாடிப்படி, தூண், தூரத்தில் ஒரு ஏரி. முன்னால் கைவைத்த நாற்காலி, முக்காலி, அதன்மேல் பூச்சாடி, ஒரு புத்தகம். பின்னாட்களில் ஒரு டெலிபோன், டிரான்சிஸ்டர். ஆணியில் ஒரு கோட்டும் தொங்கும். யாருக்கு வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள். கோட்டின் கை நீளமாக இருந்தால் உள்ளே மடித்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னும் பழைய காலத்தில், படம் பதிய நேரமாகும் என்பதால், தலை ஆடாமல் இருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றை வைப்பார்கள். தாத்தா படத்தில் விறைப்பாக இருந்ததற்குக் குணம் மட்டும் காரணமில்லை.

அந்தப் பொருள்களைச் சும்மா அழகுக்கு வைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கைக்கடிகாரம் கட்டியவர் அந்தக் கையை முன்னால் வைத்தார். புதிதாகப் பள்ளிப்படிப்பு முடித்தவர் புத்தகத்தைத் திறந்தபடி பிடித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சில சமயம் பிடித்திருக்கிறார். அவர் சொல்ல விரும்பியது வேறு. ஒவ்வொரு பொருளும் பக்கத்தில் நிற்கும் ஆளுக்கும் இவருக்கும் என்ன உறவு என்பதைக் காட்டியது. கணவர் உட்கார்ந்திருப்பார், மனைவி நின்றுகொண்டிருப்பார். அந்த அம்மாளின் கை நாற்காலி முதுகின்மேல் இருக்கும், கணவரின் தோள்மேல் இருக்காது. இருபது வருடம் கழித்து அவர்கள் மகனும் மருமகளும் எடுத்த படத்தில் கை தோளுக்கு வந்திருக்கும். நடுவில் இருந்த நாற்காலிக் கட்டை ஒரு தலைமுறையின் மரியாதையைத் தாங்கிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டு ஆல்பத்தில் போய்ப் பாருங்கள், கை எந்த வருடம் இடம் மாறியது என்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கண்ணாடிப் படம். இங்கே இருக்கும் பெண்களில் பாதிப் பேர் அதில் நின்றிருப்பீர்கள். வளைகாப்புக்கோ சீமந்தத்துக்கோ பூ ஜடை தைத்து, ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய், ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிறுத்துவார்கள். முகம் கேமராவைப் பார்க்கும். முதுகும் ஜடையும் கண்ணாடியில் தெரியும். கேமராவும் கேமராக்காரரும் கண்ணாடியில் விழாத கோணத்தில் அதை நிறுத்துவதே ஒரு வித்தை.

இந்தப் படத்தை எல்லாரும் கர்ப்பிணிப் பெண்ணின் படம் என்றுதான் சொல்கிறோம். கண்ணாடி எதற்கு வந்தது என்று யோசித்துப் பாருங்கள். முகத்துக்குக் கண்ணாடி தேவையில்லை. ஜடைக்குத்தான் தேவை. அந்த ஜடையைத் தைத்தது யார்? அரை நாள் உட்கார்ந்து, மல்லிகை மொட்டு விரிவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், தாழம்பூ மடல் வைத்து, ஊசியும் நூலுமாகக் கோத்தது ஒரு அத்தையோ நாத்தனாரோ பக்கத்து வீட்டு அக்காவோதான். அவர் படத்தில் இல்லை. அவர் கைவேலை மட்டும் கண்ணாடிக்குள் இருக்கிறது. தன் பின்னலைத் தானே பார்க்க முடியாத பெண்ணும், படத்தில் வராத இன்னொரு பெண்ணும் சந்திக்கும் இடம் அந்தக் கண்ணாடி. ஐரோப்பியக் கலைக்கூடத்தில் ஒருவர் இப்படி ஒரு படத்தை எடுத்து மாட்டியிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நாம் பீரோவின் மேல்தட்டில் போட்டு வைத்திருக்கிறோம்.

எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களையும் வீடுகளையும் தேடிப் போய், இப்படிப்பட்ட படங்களை ஆயிரக்கணக்கில் ஸ்கேன் செய்து சேர்த்திருக்கிறார்கள். நல்ல வேளை. ஏனென்றால் டிஜிட்டல் வந்து ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது எத்தனையோ நெகட்டிவ்கள் எடைக்கும் குப்பைக்கும் போய்விட்டன. நம் அடுக்ககத்துக்குக் குடிவந்தபோது ஊர் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிய படங்களை எத்தனை பேர் கொண்டுவந்தோம் என்று கேட்டால் பலர் தரையைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். நான் கேட்கவில்லை.

ஸ்டூடியோவில் பழக்கமாகச் செய்ததை, இன்றைய கலைஞர்கள் சிலர் தெரிந்தே, கேள்வி கேட்பதற்காகச் செய்கிறார்கள். அவர்களில் சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா, சிற்பியாகத் தொடங்கியவர். 2000-லிருந்து 2004 வரை, கிளேர் ஆர்னி என்ற புகைப்படக் கலைஞரோடு சேர்ந்து, 'தென்னிந்தியாவின் நாட்டுப் பெண்கள்' என்று ஒரு பெரிய வரிசை எடுத்தார். எல்லாப் படத்திலும் அவரேதான் நடிக்கிறார். ரவிவர்மாவின் லட்சுமியாக நிற்பார். ஒரு தமிழ்ப் படத்தில் சாட்டையோடு நிற்கும் ஜெயலலிதாவாகவும் நிற்பார். நம் பூஜை அறையிலும் சினிமாக் கொட்டகையிலும் பார்த்துப் பழகிய பெண் உருவங்களையெல்லாம் ஒரே ஆள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும்போது, தாமரையும் சாட்டையும் கையில் வந்தவுடன் ஒரு பெண்ணை நாம் எப்படி வேறு வேறாகப் பார்க்கிறோம் என்பது புரிகிறது. அந்த வரிசையில் ஒன்றுதான் எனக்கு மறக்கவில்லை. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட பின்னணிக்கு முன்னால் அவர் ஒரு பழங்குடிப் பெண்ணாக நிற்கிறார். வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரு காலத்தில் நம் மக்களை அப்படி நிறுத்தி, கை இவ்வளவு, கால் இவ்வளவு என்று கணக்கெடுக்கப் படம் எடுத்தார்கள். அதன் நகல் அது. அளக்கிறவருக்கும் அளக்கப்படுகிறவருக்கும் உள்ள உறவு முழுவதும் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. அளவு என்ற இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

சென்னையைச் சேர்ந்த நந்தினி வள்ளி முத்தையா, நீலச் சாயம் பூசிக் கிரீடம் வைத்த கிருஷ்ணரை இன்றைய ஓட்டல் அறையில் உட்கார வைத்துப் படமெடுத்தார். காலண்டரில் மாடும் மரமும் சூழ இருக்கும் கிருஷ்ணர், தனியாக ஒரு ஓட்டல் அறையில் இருந்தால் வெளியூருக்கு வேலைக்குப் போன நம் வீட்டுப் பையன் மாதிரி தெரிகிறார். சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். எனக்குப் பாவமாக இருந்தது.

மகாராஷ்டிராவில் ஜவ்ஹார் என்று ஒரு மலைப்பகுதி. அங்கே திருவிழாவுக்குக் காகிதக் கூழில் சாமி முகமூடிகள் செய்யும் பழங்குடிக் கலைஞர்கள் இருக்கிறார்கள். டெல்லியில் வாழும் கௌரி கில் என்ற புகைப்படக் கலைஞர் 2015 வாக்கில் அவர்களிடம் போய், சாமி முகம் வேண்டாம், உங்கள் முகம், உங்கள் ஆடுமாடு, நீங்கள் மதிக்கும் பொருள்கள், இவற்றுக்கு முகமூடி செய்து தருவீர்களா என்று கேட்டார். அதைப் போட்டுக்கொண்டு ஊர்க்காரர்களே தங்கள் அன்றாடக் காட்சிகளை நடித்தார்கள். முகம் மறைந்த பிறகும் அவர்கள் உட்காரும் விதத்திலேயே யார் பெரியவர், யார் நோயாளி, யார் கடைக்காரர் என்று தெரிந்துவிடுகிறது. என்ன செய்வது, எப்படி நடிப்பது என்பதில் ஊர்க்காரர்களுக்குச் சம பங்கு கொடுத்ததுதான் அந்த வேலையின் பெருமை என்பேன்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று, அதுவும் தம்பதிகளுக்காக. ஜெர்மனியில் அன்னா புளூமே, பெர்ன்ஹார்டு புளூமே என்று கணவன் மனைவி இருவர். இருவரும் இப்போது இல்லை. 1980-களில் தங்கள் வீட்டுச் சமையலறையையும் கூடத்தையுமே மேடையாக்கி, பெரிய பெரிய கருப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார்கள். ஒன்றில் உருளைக்கிழங்குகள் பறக்கின்றன, அந்த அம்மாள் நடுவில் வாய் திறந்து நிற்கிறார். இன்னொன்றில் பாத்திரமும் நாற்காலியும் ஆளைத் துரத்துகின்றன. ஒழுங்காக அடுக்கி வைத்த ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டில் பொருள்களுக்கு ஒரு நாள் பைத்தியம் பிடித்தால் எப்படி இருக்கும் என்பதே காட்சி. நாற்பது வருடம் ஒரே சமையலறையில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. நடித்ததும் எடுத்ததும் அவர்களேதான். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் நம் சார்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். உருளைக்கிழங்கை யார் பொறுக்குவது என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி நம் மண்ணுக்கு வருவோம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது நினைவிருக்கும். காவிரியிலும் தண்ணீர் இல்லை. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். அந்த மார்ச் 14 அன்று அய்யாக்கண்ணு தலைமையில் காவிரிப் பகுதி விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 23 வரை, 41 நாள். கையில் மண்டை ஓடு, இறந்துபோன விவசாயிகளுடையவை என்று சொல்லி. பல்லில் எலி. பாதி மீசை, பாதித் தலை மழிப்பு. ஒரு நாள் ஆண்கள் சேலை கட்டிக்கொண்டார்கள். ஒரு நாள் சோற்றைத் தார்ச்சாலையில் போட்டுச் சாப்பிட்டார்கள். கோரிக்கையின் நியாயம், அரசியல் எல்லாவற்றிலும் நம் குடியிருப்பிலேயே பல கருத்து உண்டு. அதற்குள் நான் போகவில்லை. படமாக மட்டும் பார்க்கிறேன்.

அன்று பலர் சிரித்தார்கள், வித்தை காட்டுகிறார்கள் என்று. ஆமாம், காட்டினார்கள்தான். ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் நின்ற நம் தாத்தாக்களைப் போலத் தெரிந்தே நின்றார்கள். ஆனால் டெல்லிக்காரர்களுக்கு எலி என்றால் அருவருப்பு, அவ்வளவுதான். நமக்குத் தெரியும், நெல் வயலுக்கும் எலிக்கும் உள்ள சம்பந்தம். மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டிச் செய்யும் எலிப்பொறிக்கே தஞ்சாவூர் கிட்டி என்றுதானே பெயர். வரப்பில் வளை தோண்டி, கதிரை அறுத்து உள்ளே சேர்த்து வைக்கும் பிராணி அது. விளைச்சல் இருந்தால்தான் எலியும் இருக்கும். நெல்லைத் தின்ற எலியை நாங்கள் தின்கிறோம் என்றால் நெல் இல்லை என்று அர்த்தம். இந்தக் கணக்கு படத்தைப் பார்த்த ஊருக்குப் புரியவில்லை. பொருள் ஒன்றை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு எடுத்துப் போகும்போது அதோடு கட்டிய உறவு வழியில் அவிழ்ந்துவிடுகிறது. அதனால்தான், எலிப் படத்தைவிடத் தரையில் சோறு கிடந்த படம் வலுவானது என்பது என் எண்ணம். சோற்றுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

இனி நம் அடுக்ககத்துக்குள் நுழைகிறேன். யார் வீடு என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்தேன். வாசல் கதவைத் திறந்தவுடன், செருப்பு அலமாரிக்கு மேல், பித்தளைப் பூண் போட்ட மரக்கால் நிற்கிறது. துலக்கிப் பளபளவென்று, உள்ளே பிளாஸ்டிக் பூ. ஒரு வீட்டில் குடை நிற்கிறது. போன பொங்கலுக்கு அதன் பக்கத்தில் குழந்தையை நிறுத்திப் படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள். 'நம் பாரம்பரியம்' என்று எழுதி, கைகூப்பும் பொம்மையும் போட்டிருந்தார்கள். நானும் கைகூப்பினேன்.

மரக்கால் இந்த ஊரில் சாதாரணப் பொருள் இல்லை. பெரிய கோவில் கல்வெட்டில் நெல் அளந்த கணக்கு வரும் இடங்களில் 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளந்ததாக இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன் ராஜராஜன் காலத்தில் அளவைக்கு நடராஜர் பெயரை வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். களத்தில் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவார்கள். இதையெல்லாம் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தால் நல்லது.

ஆனால் மரக்காலுக்கு இரண்டு பக்கம் உண்டு. அளந்து போடுகிறவர் ஒருவர், துண்டை விரித்து வாங்கிக்கொள்கிறவர் ஒருவர். குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்பதில் ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சோறு இருந்தது. வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி போடும்போது வேறு மரக்கால் என்ற மனக்குறை இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறையாக இருந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை எல்லாம் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் கூலிப் போராட்டங்கள் நடந்து, 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள்களுக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் தீரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். நெல் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டது அந்தத் தகராறின் நடுவில் இருந்தது. இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் அந்த ஊருக்கு.

யாரையும் குற்றம் சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. மரக்காலை எடுத்து உள்ளே வையுங்கள் என்றும் சொல்லவில்லை. அந்தப் படத்தில் பாதிதான் இருக்கிறது என்கிறேன். அளந்து போட்ட வீட்டின் பேரப்பிள்ளை நிற்கிறது, வாங்கிக்கொண்ட வீட்டின் பேரப்பிள்ளை இல்லை. இந்த அடுக்ககத்திலேயே இரண்டு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரே லிப்டில் ஏறுகிறார்கள், ஒரே மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இருவரும் மரக்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தால் எப்படி இருக்கும்? யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். கண்ணாடிப் படத்தில் ஜடை தைத்த அத்தை இல்லாமல் போனதும் இதுவும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். அது விடுபடல், இது வேறு. ஆனால் பொருள் இருக்கும் படத்தில் எந்தக் கை இல்லை என்று தேடும் பழக்கம் இரண்டுக்கும் உதவும்.

அதனால் ஒரு யோசனை வைக்கிறேன். வரும் பொங்கலுக்கு 'ஒரு பொருள், இரண்டு பேர்' என்று நாமே ஒரு சின்னக் கண்காட்சி வைப்போம். தரைத்தளத்தில் லிப்டுக்கு எதிர்ச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு படம். வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பொருள், அந்தப் பொருளால் கட்டப்பட்ட இரண்டு பேர். பழம்பொருளாக இருக்க வேண்டும் என்றே இல்லை. அரிவாள்மணை, பாக்குவெட்டி, டிகாக்ஷன் பில்டர், டிவி ரிமோட், மாத்திரை டப்பா எதுவானாலும் சரி. ரிமோட் வைத்து எத்தனை வீட்டில் எத்தனை கதை இருக்கிறது என்பது சுவர் வழியாகவே எனக்குக் கேட்கிறது.

எடுப்பதும் எளிது. காலை வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கத்தில் நில்லுங்கள், பிளாஷ் வேண்டாம். பின்னால் வெறும் சுவர் போதும். பொருளைக் காட்சிக்குப் பிடிப்பது போலப் பிடிக்காமல், பயன்படுத்துவது போலப் பிடியுங்கள். அம்மாவும் மகளும் முறத்தைப் பிடித்தால் புடைத்தே காட்டுங்கள், அரிசி சிந்தினால் சிந்தட்டும். சிரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவசரப்படாமல் பத்துப் படம் எடுங்கள். முதல் மூன்றில் நம் மூஞ்சி நமக்கே பிடிக்காது, ஐந்தாவதுக்கு மேல்தான் கேமராவை மறப்போம்.

'எனக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இல்லையே' என்று ஒரு அம்மா இப்போதே என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதற்கும் பழைய ஸ்டூடியோவில் வழி இருந்தது. கணவரை இழந்தவர்கள் அவர் படத்தை மடியிலோ முக்காலியிலோ வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். மகன் அமெரிக்காவில் இருந்தால், வீடியோ காலில் அவன் முகம் தெரியும் போனையே பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது போனே பொருள், போனே ஆள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு. முதலாவது, சம்மதம். படத்தில் இருக்கும் இருவரும் சரி என்ற பிறகுதான் சுவருக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ வர வேண்டும். மாமியார் மருமகள் படமாக இருந்தால் இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இரண்டாவது, நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்கள், காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள். அவர்களும் படத்தில் வர வேண்டும் என்று பலர் ஆசைப்படுவீர்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் துடைப்பத்தைக் கையில் கொடுத்து நிறுத்தாதீர்கள். கட்டம் போட்ட அந்தப் பின்னணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்த வெள்ளைக்காரர் வேலையை நாம் செய்துவிடக் கூடாது. எந்தப் பொருள், பக்கத்தில் யார் என்று அவர்களே சொல்லட்டும். இரவுக் காவலர் அண்ணனிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். சைக்கிள் என்றார். பக்கத்தில் யார் என்றேன். ஊரில் இருக்கும் மகளாம், அந்தச் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாளாம், இப்போது நர்சிங் படிக்கிறாளாம். பொங்கல் விடுமுறைக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாமா என்று அவர்தான் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்பவரை வற்புறுத்தவும் கூடாது; அதனால் வேலையில் எதுவும் குறையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய படங்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பிரேம் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், மேல்படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே, வெளிச்சம் பிரதிபலிக்காத இடத்தில் வைத்து, போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள். தளர்வாக இருக்கும் படங்களின் பின்புறம், மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், யார், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். கண்ணாடிப் படமாக இருந்தால் இன்னொரு பெயரும் சேர்த்து எழுதுங்கள், ஜடை தைத்தது யார் என்று. அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்றைக்கு எண்பது வயதுக்கு மேல் இருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

மார்கழி முதல் தேதிக்குள் படங்களை நூலகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். எல்லாம் ஒரே அளவில், போஸ்ட்கார்டு அளவில் போதும். பெரிய வீட்டுக்குப் பெரிய படம் என்று இருக்கக் கூடாது. பிரிண்ட் போடும் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று பொருளாளரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்தார். அது சம்மதமா இல்லையா என்பது அடுத்த கூட்டத்தில் தெரியும்.